சாவிக்கு ஆளைத் தெரியாது



திண்டுக்கல் பூட்டைப் பற்றிப் போன மாதம் எழுதிய பதிவின் கீழே, இப்போது டொரான்டோவில் இருக்கும் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "வீட்டுப் பூட்டு சரி டீச்சர், கார் பூட்டைப் பத்தியும் எழுதுங்க. இங்கே வாசல்ல நிறுத்தின கார் காலைல இருக்கணும்னு சாமி கும்பிட்டுத்தான் படுக்கிறோம்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டி.வி.எஸ். 50-ஓடு என் வாகன அனுபவம் முடிந்துவிட்டது. ஆனாலும் மாணவன் கேட்டால் படித்துவிட்டு வந்து சொல்வதுதானே நம் வழக்கம். மூன்று வாரமாகப் படித்தேன். பதிவு நீளம்தான், காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி எளிது. ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்காருபவர் உரியவர்தானா என்று கார் எப்படித் தெரிந்துகொள்கிறது? இந்தக் கதையில் திருடனைவிட முக்கியமான பாத்திரம் ஒருவர் உண்டு. தினமும் பத்துத் தடவை வண்டியில் ஏறி இறங்கும் சொந்தக்காரர்தான் அவர். அவர் எவ்வளவு சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார் என்று பார்த்துப் பார்த்துத்தான் காருக்குப் பூட்டுச் செய்தார்கள். நான் படித்த வரையில், பூட்டு தோற்ற இடங்களில் பாதி திருடனின் திறமையால் தோற்றவை அல்ல, சொந்தக்காரரின் அலுப்பால் தோற்றவை.

முதலில் சாவியே இல்லை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு கிளம்பினார். வளரும் பருவத்துப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நடுவில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் இதுதான். (தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் பெண் எதையும் ஓட்டுவாள் என்பது என் கருத்து.) அந்த வண்டிக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி இன்ஜினைக் கிளப்பத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வித்தை தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லாத காலத்தில் தெரிந்திருப்பதே சாவியாக இருந்தது.

அதன் பிறகு முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றும் கார்கள் வந்தன. என் வயதுக்காரர்கள் சின்ன வயதில் லாரியை அப்படிக் கிளப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஹாண்டில் திருப்பி அடித்தால் கை முறியும். அப்படிச் சிரமப்பட்டுச் சுற்ற வேண்டிய வண்டியைச் சத்தமில்லாமல் திருடுவதும் கஷ்டம்தான். 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதைச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங். இளமையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்று படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். பெண்களும் வயதானவர்களும் கை முறியும் பயமில்லாமல் வண்டியைக் கிளப்ப முடிந்தது. திருடனுக்கும் அதே சௌகரியம் கிடைத்தது. 1919-இல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது: திருட்டுக் காரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் அது மத்திய அரசுக் குற்றம்.

அப்போது சாவி இல்லையா என்றால், இருந்தது. போர்டு கம்பெனியின் புகழ்பெற்ற மாடல் டி காரில், மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு சாவி போட்ட சுவிட்ச் இருந்தது. சாவியில் மொத்தம் 24 வகை, 51-இலிருந்து 74 வரை எண்கள். சாவியில் எண் பொறித்திருக்கும், எந்தச் சாவி என்று சுவிட்சின் முகத்திலும் பொறித்திருக்கும்! மாடல் டி மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட கார். லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஒரே சாவி என்றால் அது என்ன பூட்டு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் சொந்தக்காரர் பக்கமிருந்து பாருங்கள். சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லி அடுத்த கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அந்த நாளில் ஜனங்கள் பயந்தது திருடனுக்கு அல்ல, சாவி தொலைந்து நடுவழியில் நிற்பதற்கு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜீப்பிலும் இதே கதைதான். முதலில் சாவி வைத்தார்கள். போர்க்களத்தில் சாவியை யார் பையில் தேடுவது? சாவியை எடுத்துவிட்டு வெறும் திருகு சுவிட்சை வைத்தார்கள்.

1949-இல் கிரைஸ்லர் கம்பெனி, சாவியைத் திருகினாலே வண்டி கிளம்பும்படி செய்தது. அதுவரை சாவி ஒரு பக்கம், ஸ்டார்ட்டர் பொத்தான் இன்னொரு பக்கம். இனி நான் ரொம்ப ரசித்துப் படித்த பகுதிக்கு வருகிறேன்.

1967-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குற்றவியல் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. திருடுபோன கார்களில் 42 சதவீதம், சாவி உள்ளேயே இருந்தவை அல்லது சுவிட்ச் பூட்டப்படாமல் இருந்தவை என்று எப்.பி.ஐ. கணக்கை அது எடுத்துக் காட்டியது. நூற்றுக்கு 42! பூட்டியிருந்த கார்களிலும் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாமல் பேப்பர் கிளிப், ஜிகினாத் தாள் போன்றவற்றை வைத்துக் கிளப்பப்பட்டவை. கள்ளச் சாவி செய்யும் அளவுக்குக்கூட திருடன் சிரமப்படவில்லை.

"சுவிட்ச் பூட்டப்படாமல்" என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்துச் செவர்லே காரின் சாவித் துளையில் "நிறுத்து" என்று ஒரு நிலை, "பூட்டு" என்று இன்னொரு நிலை. "நிறுத்து" நிலையில் விட்டுவிட்டுச் சாவியை உருவிக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் அடுத்த முறை சாவியே வேண்டாம், சுவிட்சின் காதைக் கையால் திருகினால் வண்டி கிளம்பிவிடும். யாருக்காக இந்த ஏற்பாடு? கடைக்கு ஓடிப்போய் வருபவருக்காக, ஒரே காரை மாறி மாறி எடுக்கும் குடும்பத்துக்காக. சௌகரியம்தான். பூட்ட வேண்டும் என்று விரும்பினால் இன்னும் கொஞ்சம் திருகிப் பூட்டலாம். அந்த "விரும்பினால்" என்ற இடத்தில்தான் திருடன் குடியிருந்தான்.

1965 மாடலில் அந்த நடு நிலையை எடுத்துவிட்டார்கள். சாவியை உருவினால் பூட்டித்தான் உருவ முடியும். புது உலோகம் இல்லை, புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இருந்த ஒரு சௌகரியத்தை நீக்கியதோடு சரி. அந்த அறிக்கையே சொல்கிறது: ஒரு நகரத்தில் 1965-இல் அந்த மாடல் கார்களின் திருட்டு முந்தைய ஆண்டைவிடப் பாதியாகக் குறைந்தது.

அதே காலத்தில்தான், காரைப் பூட்டுங்கள், சாவியை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல பையன் ஒருவன் கெட்டுப்போக நீங்கள் காரணமாகாதீர்கள் என்ற பொருளில் அமெரிக்கா முழுவதும் விளம்பரம் செய்தார்கள். அங்கே கார் திருடியவர்களில் பெரும்பங்கு பள்ளிக்கூட வயதுப் பையன்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டு எங்காவது போட்டுவிட்டுப் போவார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், திறந்து கிடக்கும் பெட்டி ஒரு பையனை எப்படி மாற்றும் என்பது எனக்குத் தெரியும். அந்த விளம்பரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கோடிப் பேருக்குப் புத்தி சொல்வதைவிட ஒரு சுவிட்ச் நிலையை நீக்கியது சுலபமான வேலை.

அடுத்தது ஸ்டியரிங் பூட்டு. சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும். இன்ஜினைக் கம்பி இணைத்துக் கிளப்பினாலும் வண்டியைத் திருப்ப முடியாது. இதில் இரண்டு நாடுகளின் அனுபவம் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. மேற்கு ஜெர்மனி 1963-இல் புதுக் கார், பழைய கார் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. திருட்டு நன்றாகக் குறைந்தது, குறைந்த நிலையிலேயே நின்றது. பிரிட்டன் 1971 முதல் புதுக் கார்களுக்கு மட்டும் என்றது. திருடர்கள் என்ன செய்தார்கள்? பழைய கார்களுக்குப் போனார்கள். புதுக் கார் வாங்க வசதியுள்ளவரின் பாரம், வாங்க முடியாதவர் தலையில் இறங்கியது. 1976-இல் பிரிட்டிஷ் உள்துறை வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல் பூட்டோடு, சாவியை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தால் கத்தும் மணியும் கட்டாயமாயிற்று.

சௌகரியத்தில் கை வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அமெரிக்கர்கள் சீக்கிரமே காட்டினார்கள். 1974 மாடல் கார்களில், சீட் பெல்ட் போட்டால்தான் வண்டி கிளம்பும் என்று அமைத்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால்கூடக் கார் அதை ஆள் என்று நினைத்துக் கிளம்ப மறுத்தது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. உயிர்காக்கும் விஷயமே என்றாலும் தினம் எரிச்சல் மூட்டினால் மனிதன் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். ஓட்டுநர் புதிதாக எதுவும் செய்யக் கூடாது, ஆனால் பூட்டு கெட்டிப்பட வேண்டும். 1986-இல் செவர்லே கார்வெட் காரின் சாவித் தண்டில் சிறிய மின்தடை ஒன்றைப் பதித்தார்கள். ஓம் விதி நினைவிருக்கிறதா? கார் அந்தத் தடையை அளந்து பார்க்கும், சரியான மதிப்பு இல்லையென்றால் சில நிமிடம் கிளம்பாது. ஆனால் மொத்தம் 15 மதிப்புகள்தான். பொறுமையுள்ள திருடனுக்கு அது ஒரு மதிய வேலை.

அதன் தம்பிதான் இன்றைய இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப். சாவியைத் திருகியதும் கார் ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சாவியும் காரும் மட்டும் அறிந்த ரகசிய விதிப்படி சிப் கணக்குப் போட்டு விடை அனுப்பும். விடை சரியென்றால்தான் எரிபொருள் பாயும். ஒவ்வொரு முறையும் கேள்வி வேறு, அதனால் ஒருமுறை ஒட்டுக்கேட்ட விடையை மறுமுறை ஒப்பிக்க முடியாது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்பவனைக் கண்டுபிடிக்க நான் வரிசை மாற்றிக் கேட்பேனே, அதே தந்திரம்தான். ஐரோப்பா 1998 அக்டோபர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 1995 முதல் 2008 வரை கணக்கெடுத்து, கார்த் திருட்டு சராசரியாக 40 சதவீதம் போல இதனால் குறைந்தது என்று காட்டினார்கள். ஓட்டுநர் அதே சாவியைத்தான் அதே மாதிரி திருகினார். அவருக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரியாது. என்னைக் கேட்டால் கார்ப் பூட்டின் சரித்திரத்தில் இதுதான் உச்சம்.

இதுவும் ஆளை அறியவில்லை, சாவியை மட்டுமே அறிந்தது என்பது உண்மைதான். ஆளையே அறிந்தால் என்ன என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 2005 மார்ச்சில் மலேசியாவில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. விரல் ரேகை வைத்தால் கிளம்பும் விலையுயர்ந்த கார் ஒன்றை ஒரு கும்பல் கடத்தியது. சொந்தக்காரரையும் கூடவே கொண்டுபோய், அவர் விரலை வைத்து வண்டியைக் கிளப்பியது. மறுபடி கிளப்ப வேண்டியபோது விரல் வேண்டியிருந்ததால் வெட்டி எடுத்துக்கொண்டு அவரைச் சாலையோரத்தில் விட்டுப் போய்விட்டது. சாவியாக இருந்தால் கொடுத்துவிட்டு உயிரோடும் உடலோடும் வீடு வந்திருப்பார். பூட்டு கெட்டிப்பட்டால் திருடன் மனிதனிடம் வருவான் என்பதை அந்தக் காரை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது டொரான்டோ மாணவனின் காருக்கு வருவோம். 1998-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரோடு ஒரு புது ஏற்பாடு வந்தது. சாவி பையிலேயே இருக்கலாம், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும். இன்று சாதாரணக் கார்களிலும் இதுதான். இங்கே ஒரு பெரிய விஷயம் விட்டுப்போனது. சாவியைத் துளையில் இட்டுத் திருகுவது வெறும் வேலை இல்லை, "நான் இப்போது கிளம்புகிறேன்" என்று சொல்வது. புதுச் சாவிக்குச் சொந்தக்காரரின் மனம் தெரியாது. கார் அருகில் வந்து கேட்டதாகத் தோன்றினால் பதில் சொல்லிவிடும், சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

திருடர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கார் அருகே நிற்பான், மற்றவன் வீட்டுக் கதவோரம் ஒரு கருவியோடு நிற்பான். காரின் கேள்வியை அவர்கள் வீட்டுக்குள்ளிருக்கும் சாவிக்குக் கடத்துவார்கள், சாவியின் விடையைக் காருக்குக் கடத்துவார்கள். ரகசியக் கணக்கை அவர்கள் உடைக்கவே இல்லை, தபால்காரர் வேலை மட்டும்தான். சூரிச் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் கம்பெனிகளின் பத்து மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

திருட்டு போனால் காப்பீட்டுப் பணமாவது வரும். இதே சௌகரியம் உயிரையும் எடுத்திருக்கிறது. சாவியைத் திருகி எடுக்கும் பழக்கம் போனதால், சத்தமில்லாத இன்ஜினை நிறுத்த மறந்து வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். வீட்டோடு ஒட்டிய கராஜில் புகை நிறைந்து தூங்கும் அறைக்கு வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. 2006-இலிருந்து 2018 வரை அமெரிக்காவில் இப்படிக் குறைந்தது 28 பேர் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் கணக்கெடுத்தது. அவர்களில் பலர் வயதானவர்கள். நாற்பது வருஷம் கையில் சாவி இருந்தால் வண்டி நின்றுவிட்டது என்று பழகிய கைகள் அவை. வெளிநாட்டில் பெற்றோரை அழைத்து வைத்திருப்பவர்கள் அந்தக் கராஜ் பக்கமும் படுக்கையறைப் பக்கமும் கார்பன் மோனாக்சைடு கருவி வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இம்மொபிலைசர் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனடா 2007 செப்டம்பரில் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா கட்டாயமாக்கவே இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் தாமாகவே வைத்தன. 2015-ஆம் ஆண்டு மாடல்களில், மற்ற கம்பெனிகளில் 96 சதவீதத்தில் அது இருந்தது, ஹூண்டாய், கியாவில் 26 சதவீதத்தில்தான். அந்தக் கம்பெனிகளே கனடாவில் விற்றவற்றில் வைத்தன, சட்டம் இருந்ததால். 2021 வாக்கில் விஸ்கான்சின் மாநிலத்துப் பையன்கள் யு.எஸ்.பி. கம்பியின் முனையை வைத்தே அந்தக் கார்களைக் கிளப்பக் கற்றார்கள். அடுத்த ஆண்டு வீடியோவாக நாடெங்கும் பரவியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை, இதனால் குறைந்தது 14 விபத்துகள், 8 சாவுகள் என்றது. 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் மாற்ற வேண்டி வந்தது. 1960-களின் அதே பள்ளிக்கூடப் பையன்கள், அதே திறந்த பெட்டி. இதில் எனக்குக் கோபம் கம்பெனிகள் மேல்தான் அதிகம்.

புதிதாக வருவது என்ன? சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நேரத்தை வைத்து அளக்கும் முறை. ஒளியும் வானொலி அலையும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். கேள்வி போய் விடை வர எடுத்த நேரத்தை அத்தனை நுணுக்கமாக அளந்தால், சாவி கதவருகே இருக்கிறதா, மாடி அறையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நடுவில் தபால்காரன் நின்றால் தாமதம்தான் கூடும், ஒளியை அவனால் முடுக்க முடியாது. 2021-இல் கார் மற்றும் செல்போன் கம்பெனிகள் கூடி வெளியிட்ட பொது விதிமுறையில் இது சேர்ந்திருக்கிறது. உங்கள் கார் அதற்கு முந்தியது என்றால், இரவில் சாவியை இறுக்கமான மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பாவோடு கார் அருகே போய்க் கதவு திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள், எல்லா டப்பாவும் தடுப்பதில்லை.

முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் காரும் வந்துவிட்டது. ஜெனிசிஸ் ஜி.வி. 60 என்ற மாடல் இரண்டு பேர் முகத்தைப் பதிந்துகொள்ளும். இதைப் படித்ததும் என் தங்கையிடம் போனில் சொன்னேன். அவள் வீட்டில் கார் சாவி சமையலறை ஆணியில் தொங்கும். மகன் எடுப்பான், மருமகன் எடுப்பார், நடுராத்திரி அவள் கணவருக்கு நெஞ்சு வலி வந்தபோது எதிர்வீட்டுத் தம்பி எடுத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். "ரெண்டு முகம் போதாதுக்கா, எதிர்வீட்டுத் தம்பியையும் சேர்க்கணும்" என்றாள்.

உங்கள் வீட்டில் சாவி எங்கே இருக்கிறது, யார் யார் எடுப்பார்கள் என்று கீழே எழுதுங்கள். (ஆணி இருக்கும் இடத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்!)